கிலோ, ஹெக்டேர், ஹெப்டாஹைட்ரேட்: கிரேக்க எண் முன்னொட்டுகள் குறித்துக் காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டா, மண் பரிசோதனை அறிக்கை, உர மூட்டை, புயல் எச்சரிக்கை, பிளஸ் டூ வேதியியல் பாடம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த முன்னொட்டுகள் வருகின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதி விவசாயிகளுக்கும் மாணவர்களுக்கும் அவற்றில் எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கிலோ, ஹெக்டோ, டெக்கா ஆகியவை அளவைகளுக்குள் எப்போது வந்தன?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795 ஏப்ரல் 7 அன்று பிரான்சில் இயற்றப்பட்ட அளவைச் சட்டத்தின் வழியாக வந்தன. மீட்டர், லிட்டர், கிராம், ஏர் என்று சில அடிப்படைப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் மடங்குகளுக்கும் பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டாமல் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்துக்கொள்வது என்று அந்தச் சட்டம் வகுத்தது. பெருக்கிச் செல்வதற்குக் கிரேக்கச் சொற்களும் (டெக்கா பத்து, ஹெக்டோ நூறு, கிலோ ஆயிரம், மிரியா பத்தாயிரம்), பகுத்துச் செல்வதற்கு இலத்தீன் சொற்களும் (டெசி பத்தில் ஒன்று, சென்டி நூற்றில் ஒன்று, மில்லி ஆயிரத்தில் ஒன்று) ஒதுக்கப்பட்டன. ஆகவே ‘மில்லி’யும் ‘கிலோ’வும் ஆயிரம் என்ற ஒரே எண்ணைக் குறிக்கும் இரு மொழிச் சொற்களே, எந்த மொழியிலிருந்து வந்தது என்பதுதான் பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்பதைச் சொல்கிறது. மிரியா மட்டும் நிலைக்கவில்லை. 1960இல் பன்னாட்டு அலகு முறை உருவானபோது அது பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

மெகா, ஜிகா, நானோ ஆகியவையும் எண்களா?

இல்லை. அவையும் கிரேக்க வேர் கொண்டவையே என்றாலும் எண்ணுப்பெயர்கள் அல்ல. மெகா என்றால் பெரியது, ஜிகா என்றால் அரக்கன், டெரா என்றால் விபரீதப் பிறவி, மைக்ரோ என்றால் சிறியது, நானோ என்றால் குள்ளன். அவற்றுக்குப் பத்து இலட்சம், நூறு கோடி என்ற மதிப்புகள் பின்னாளில் ஒதுக்கப்பட்டவை. 1964இல் சேர்ந்த ஃபெம்டோ, அட்டோ இரண்டும் கிரேக்கமும் அல்ல, இலத்தீனும் அல்ல. டேனிய, நார்வேஜிய மொழிகளில் பதினைந்து, பதினெட்டு என்பதற்கான சொற்கள் அவை.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் என்று இருக்கிறது. அதை மா கணக்கில் எப்படிப் படிப்பது?

முதலில் அந்த ‘ஏர்’ உழுகிற ஏர் அல்ல. பரப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அலகு அது; 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம், அதாவது 100 சதுர மீட்டர். ஹெக்டோ என்பது நூறு ஆகையால் நூறு ஏர் ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர். பெயரில் உள்ள நூறு ஏரை எண்ணுகிறது, சதுர மீட்டரை எண்ணவில்லை என்பதைக் கவனிக்காதவர்கள்தான் இந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி என்பதால் அது ஏறத்தாழ 13.38 ஏர் ஆகும்; ஒரு ஹெக்டேரில் சுமார் ஏழரை மா அடங்கும்; ஒரு வேலி ஏறத்தாழ 2.68 ஹெக்டேர். பட்டாவில் ‘0 – 40.50’ என்று இருந்தால் அது 40.50 ஏர், அதாவது ஓர் ஏக்கர், நம் வழக்கில் மூன்று மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்று பேச்சில் சொல்வது மிக நெருக்கமான கணக்கு. துல்லியமாகப் பார்த்தால் மூன்று மாவுக்கு 43,200 சதுர அடியும், ஏக்கருக்கு 43,560 சதுர அடியும் வருகின்றன. விற்பனைப் பத்திரம் எழுதும்போது அந்த 360 சதுர அடி யாருடையது என்ற கேள்வி வரக்கூடும் என்பதால், மாவில் பேசினாலும் ஏரில் எழுதுவதே நல்லது.

முன்னொட்டு சேர்த்து அளவைச் சுருக்கும் முறை தமிழில் இருந்ததா?

இருந்தது, அதுவும் இந்த மண்ணிலேயே இருந்தது. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இருபது மா ஒரு வேலியாவது இதனால்தான். மா என்பதே முதலில் ஒரு பின்னத்தின் பெயர். முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்ற சொல்லை முன்னால் சேர்ப்பார்கள். அது எந்தப் பின்னத்தின் முன்னால் வந்தாலும் அதை மேலும் 320ஆல் வகுக்கச் சொல்கிறது. ஆகவே கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில அளவு இந்தப் பின்னங்களில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. மில்லி செய்கிற வேலையைத்தான் கீழ் செய்கிறது. ஒன்று ஆயிரத்தால் வகுக்கிறது, மற்றது 320ஆல் வகுக்கிறது. ஆனால் மில்லியை மீண்டும் மில்லியின் முன்னால் சேர்க்க இன்றைய விதிகள் இடம் தருவதில்லை. கீழுக்கு அந்தத் தடை இல்லை. அந்த வகையில் நம் முறை தாராளமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹெக்டோவும் டெசியும் அன்றாடப் புழக்கத்தில் இல்லையே, ஏன் சில இடங்களில் மட்டும் தலைகாட்டுகின்றன?

நல்ல கேள்வி. பாடநூல்கள் பட்டியலைத் தருகின்றனவே தவிர, இதற்குக் காரணம் சொல்வதில்லை. பெரும்பாலும், பழைய அலகில் மக்களுக்குப் பழகிப்போன எண் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவை காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

புயல் எச்சரிக்கையில் காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கலில் சொல்லப்படுகிறது. முன்பு அது மில்லிபாரில் இருந்தது. அழுத்தத்தின் பன்னாட்டு அலகான பாஸ்கலுக்கு மாற வேண்டி வந்தபோது, ஒரு மில்லிபார் சரியாக 100 பாஸ்கல் என்பதால், ஹெக்டோபாஸ்கல் என்று பெயரை மட்டும் மாற்றி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இயல்பான கடல்மட்ட அழுத்தம் அன்றும் 1013, இன்றும் 1013. கிலோபாஸ்கலுக்கு மாறியிருந்தால் அது 101.3 ஆகியிருக்கும், பழைய பதிவுகளோடு ஒப்பிடும் ஒவ்வொருவரும் புள்ளியை நகர்த்த வேண்டியிருந்திருக்கும்.

மண் பரிசோதனை அறிக்கையில் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் ‘டெசி சீமென்ஸ்/மீட்டர்’ என்று வருவதும் அதே கதைதான். பழைய அறிக்கைகளில் அது ‘மில்லி மோ/சென்டிமீட்டர்’ என்றிருந்தது. இரண்டிலும் எண் ஒன்றே. வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில் பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் எதையும் மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை. மண்ணை நீரால் நிறைவுறச் செய்து எடுத்த சாற்றில் இந்த அளவு 4ஐத் தாண்டினால் அது உவர் மண் என்பது பொதுவான வரையறை. அந்த 4 என்ற எண்ணைக் காப்பாற்றியது டெசி.

மேட்டூர் அணையின் டி.எம்.சி. கணக்கை மெட்ரிக் முன்னொட்டில் எப்படிச் சொல்வது?

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அது ஏறத்தாழ 28.3 ஜிகாலிட்டர். அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி., சுமார் 2,647 ஜிகாலிட்டர் அல்லது 2.65 கன கிலோமீட்டர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கன கிலோமீட்டர் என்பது ஆயிரம் கன மீட்டர் அல்ல. முன்னொட்டு முதலில் அலகோடு ஒட்டிக்கொள்கிறது, பிறகுதான் கனமாகிறது. ஆகவே ஆயிரத்தை மூன்று முறை பெருக்கி நூறு கோடி கன மீட்டர் என்று கொள்ள வேண்டும். சதுர கிலோமீட்டரிலும் இதே விதிதான்.

கிலோகிராம் ஏன் அடிப்படை அலகு? கிராம்தானே இருக்க வேண்டும்?

வரலாற்று விபத்து. எடைக்கு முதலில் ‘கிராவ்’ என்று தனிப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1795இல் அது கைவிடப்பட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கான கிராம் பெயரளவில் அடிப்படையாயிற்று. ஆனால் கிராம் மிகச் சிறியது என்பதால் படிக்கல் கிலோகிராமுக்கே செய்யப்பட்டது.

நெல் கொள்முதலில் வரும் குவிண்டாலில் ஐந்து என்ற பொருள் இருக்கிறதா?

இல்லை. நூறு என்ற பொருளுள்ள இலத்தீன் சொல் அரபி வழியாகச் சுற்றி வந்த வடிவம் அது. நூறு கிலோ ஒரு குவிண்டால்.

வேதிப் பெயர்களில் வரும் மோனோ, டை, ட்ரை ஆகியவை மெட்ரிக் முன்னொட்டுகளைப் போன்றவைதாமா?

வேர் ஒன்று, வேலை வேறு. மெட்ரிக் முன்னொட்டு அலகைப் பெருக்குகிறது. வேதியியல் முன்னொட்டு மூலக்கூறில் ஒரு பகுதி எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறது. டெக்காமீட்டர் பத்து மீட்டர் நீளம். டெக்கேன் பத்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சேர்மம். 1787இல் வேதிப் பெயரீட்டைச் சீரமைத்த நூலை எழுதிய நால்வரில் ஒருவரான லவோய்சியே பிரான்சின் அளவைச் சீரமைப்புக் குழுவிலும் பணியாற்றினார் என்பதால், இரண்டு முறைகளும் ஒரே அறிவுச் சூழலில் வளர்ந்தவை என்று சொல்லலாம்.

வரிசை இது: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்ஸா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெக்கா. இதில் நோனா மட்டும் இலத்தீன். கிரேக்கத்தில் ஒன்பது ‘என்னியா’. பதினொன்றுக்கான உண்டெக்காவும் இலத்தீன் சாயல் கொண்டதே. தூய கிரேக்கப் பட்டியல் என்று மனப்பாடம் செய்பவர்கள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

உயிரெழுத்துக்கு முன்னால் சில முன்னொட்டுகள் தம் கடைசி உயிரை இழக்கும். மோனோவும் ஆக்சைடும் சேர்ந்தால் மோனாக்சைடு, பென்டாவும் ஆக்சைடும் சேர்ந்தால் பென்டாக்சைடு. டை, ட்ரை இரண்டும் மாறாமல் டைஆக்சைடு, ட்ரைஆக்சைடு. தமிழ் மாணவருக்கு இது புதிதல்ல. ஒரு மரம், ஓர் ஆல். இரு கை, ஈராண்டு என்று எண்ணடை மாறுவதை நாம் பேச்சிலேயே செய்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, கார்பன் டைஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்று எழுதுகின்றன. அதற்குள் ஈர் என்ற எண் அழகாக அமர்ந்திருக்கிறது. நம் நூல்கள் கிரேக்க ஒலியை வைத்துக்கொண்டன. இலங்கை வழி தமிழுக்கு நெருக்கமானது. நம் வழி உர மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதை உடனே படிக்க உதவுகிறது. டெல்டா விவசாயிக்கு இரண்டாவதுதான் பயன் அதிகம் என்பது என் கருத்து.

வேதாரண்யம் உப்பளத்தில் கிடைக்கும் மெக்னீசியம் குளோரைடில் இரண்டு குளோரின் இருக்கிறதே, ஏன் டைகுளோரைடு என்று சொல்வதில்லை?

சொல்லத் தேவையில்லாததால்தான். மெக்னீசியம் அயனியின் மின்சுமை இரண்டு, குளோரைடின் மின்சுமை ஒன்று; ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் தவிர வேறு வழியே இல்லை. கார்பனும் ஆக்சிஜனும் அப்படியல்ல. ஒன்றுக்கு ஒன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். முன்னது மூடிய அறையில் ஆளைக் கொல்லும் நச்சு, பின்னது நாம் வெளிவிடும் மூச்சு. அங்கே எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜிங்க் சல்பேட் வாங்கும்போது மோனோஹைட்ரேட், ஹெப்டாஹைட்ரேட் என்று இரண்டு வகை இருக்கின்றன. எது வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே பணத்தோடு நேரடித் தொடர்புள்ள கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரேட் என்றால் படிகத்துக்குள் நீர் சிக்கியிருக்கிறது என்று பொருள். ஹெப்டா என்றால் ஒரு ஜிங்க் சல்பேட்டுக்கு ஏழு நீர் மூலக்கூறுகள். மோனோ என்றால் ஒன்று. தொட்டால் இரண்டுமே உலர்ந்த பொடியாகவோ படிகமாகவோதான் இருக்கும். அந்த நீர் கையில் ஒட்டாது, ஆனால் எடையில் ஏறும். ஏழு நீரைச் சுமக்கும் ஹெப்டாவில் எடைக்கு எடை ஜிங்க் குறைவு: அரசு உரத் தரத்தின்படி ஹெப்டாவில் குறைந்தது 21 சதவீதமும், மோனோவில் குறைந்தது 33 சதவீதமும் ஜிங்க் இருக்க வேண்டும்.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து நடவுக்கு முன் இட வேண்டும் என்ற பரிந்துரை ஹெப்டா வகையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அதில் வயலுக்குப் போய்ச் சேரும் ஜிங்க் 5.25 கிலோ. அதே ஜிங்கை மோனோவில் தர 16 கிலோ போதும். மா கணக்கில், ஹெப்டா சுமார் 3.3 கிலோ, மோனோ 2.1 கிலோ. ஆகவே கடையில் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டு ஒப்பிடுவது பயனற்றது. மூட்டை விலையை அதிலுள்ள ஜிங்க் கிலோவால் வகுத்துப் பார்க்க வேண்டும்: பத்து கிலோ ஹெப்டாவில் 2.1 கிலோ ஜிங்க், பத்து கிலோ மோனோவில் 3.3 கிலோ ஜிங்க். மோனோ ஒன்றரை மடங்கு விலை இருந்தாலும் அது நட்டமல்ல.

மயில்துத்தம் பென்டாஹைட்ரேட், அதாவது ஐந்து நீர். களர் நிலத்துக்கு இடும் ஜிப்சம் டைஹைட்ரேட். ஜிப்சத்தைச் சூடாக்கி நீரின் பெரும்பகுதியை விரட்டினால் கிடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஹெமிஹைட்ரேட். ஹெமி என்றால் கிரேக்கத்தில் பாதி, இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு நீர் என்பது அதன் கணக்கு.

டிஏபி மூட்டையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 46 சதவீதம் என்கிறார்கள். அது உண்மையில் உள்ளே இருக்கிறதா?

இல்லை, ஒரு துளியும் இல்லை. டிஏபி என்பது டைஅம்மோனியம் பாஸ்பேட். ஒரு பாஸ்பேட்டோடு இரண்டு அம்மோனியம் சேர்ந்தது, ஆகவே டை. தாதுக்களைப் பகுத்தாய்ந்த பழைய வேதியியலர்கள் எல்லாத் தனிமங்களையும் ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதினார்கள். உரத்துறை அந்த வழக்கத்தை விடவில்லை. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ பென்டாக்சைடு என்று எழுதியிருந்தால், அதிலுள்ள உண்மையான பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. பொட்டாஷ் உரத்தில் இது இன்னும் வேடிக்கை. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதில் ஆக்சிஜனே கிடையாது. ஆனாலும் 60 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு என்றே கணக்கு எழுதப்படுகிறது. பரிந்துரைகளும் அதே கணக்கில் இருப்பதால் விவசாயிக்கு நட்டமில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் தனிமக் கணக்குக்கு மாற்றினால்தான் குழப்பம் வரும்.

அந்தப் பென்டாக்சைடு என்ற பெயருமே முழு உண்மையல்ல. இரண்டு பாஸ்பரசுக்கு ஐந்து ஆக்சிஜன் என்பது வெறும் விகிதம். மூலக்கூறில் இருப்பது நான்கு பாஸ்பரசும் பத்து ஆக்சிஜனும். எண்ணிப் பெயரிட்டால் அது டெட்ராபாஸ்பரஸ் டெக்காக்சைடு. தேர்வில் இந்தப் பெயரைக் கேட்டால் பலரும் வேறொரு சேர்மம் என்று நினைத்து விடுகிறார்கள்.

மீத்தேனில் உள்ள ‘மெத்’ ஒன்று என்று பொருள்படும் கிரேக்க எண்ணா?

அல்ல. மெத், எத், புரொப், பியூட் ஆகிய நான்கும் எண்கள் அல்ல. மெத் என்பது மது, மரம் என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1834இல் மரச் சாராயத்தை முன்னிட்டு உருவாக்கிய சொல்லிலிருந்து வந்தது. பியூட் என்பது வெண்ணெய்க்கான சொல்லிலிருந்து வந்தது. ஐந்து கார்பனிலிருந்துதான் எண்கள் தொடங்குகின்றன: பென்டேன், ஹெக்ஸேன், ஹெப்டேன், ஆக்டேன். நெடுவாசல் போராட்டக் காலத்தில் ஊர் முழுக்கப் பேசப்பட்ட ஹைட்ரோகார்பன்கள் இந்த வரிசையைச் சேர்ந்தவையே. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலிருந்து குமிழியிட்டு வருவதும் மீத்தேன்தான்.

பெட்ரோலின் ஆக்டேன் எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அளவுகோலில் நூறு என்று வைக்கப்பட்ட ஐசோஆக்டேனின் முறையான பெயர் 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். பெயரில் ஐந்து, மூன்று இரண்டும் இருக்கின்றன, எட்டு இல்லை. ஐந்து கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில் கிளைகள் சேர்ந்து எட்டாகின்றன.

பிஸ், ட்ரிஸ் என்று சில பெயர்களில் வருவது என்ன?

ஏற்கெனவே எண்ணோ சிக்கலோ உள்ள ஒரு முழுப் பகுதி இரண்டு முறை, மூன்று முறை வருவதைச் சொல்ல இவை பயன்படுகின்றன. டிடிடியின் முறையான பெயரில் குளோரோபீனைல் என்ற பகுதி இரு முறை வருவதால் ‘பிஸ்’ என்று எழுதி அந்தப் பகுதியை அடைப்புக்குறிக்குள் இடுவார்கள். டை என்று எழுதினால் இரண்டு குளோரினா, இரண்டு குளோரோபீனைலா என்று தெரியாது.

பெட்டாபைட், எக்ஸாபைட் ஆகியவற்றில் பென்டா, ஹெக்ஸா ஒளிந்திருக்கின்றனவா?

ஆம். டெரா தற்செயலாக டெட்ராவில் ஓர் எழுத்து உதிர்ந்தது போல் இருந்தது. ஆயிரத்தை நான்கு முறை பெருக்கினால் டெராவும் ஆகிறது. அதைப் பின்பற்றி 1975இல் பென்டாவிலும் ஹெக்ஸாவிலும் ஓர் எழுத்தை நீக்கிப் பெட்டா, எக்ஸா ஆக்கினார்கள். ஆகவே பெட்டாவில் உள்ள ஐந்து, ஆயிரத்தை எத்தனை முறை பெருக்குவது என்பதைச் சொல்கிறது. 1991இல் ஸெட்டா, யோட்டாவும், 2022இல் ரோன்னா, குவெட்டாவும் சேர்ந்தன.

நானோ யூரியாவில் நானோ என்பது எதன் அளவு?

துகளின் நீள அளவு. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தச் சொல் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் புட்டியில் உள்ள சதவீதத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த 500 மில்லிலிட்டர் புட்டி நைட்ரஜன் 4 சதவீதம் கொண்டது, அதாவது 20 கிராம். 46 சதவீதம் நைட்ரஜன் கொண்ட 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்டச் சரியாக ஒரு ‘கிலோ’ முன்னொட்டு. இலை வழியாகத் தருவது எவ்வளவு திறமையாகச் சேர்கிறது என்பது தனி விவாதம். அந்த விவாதத்துக்குள் போகும் முன் இந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.